செயின்சாவுக்குக் கையுறை: போடலாமா, கூடாதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போன பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்து கிடந்தன. அறுக்க ஆள் கிடைக்கவில்லை. அதுவரை அரிவாளையும் கோடாரியையும் தவிர வேறெதையும் தொடாதவர்கள்கூட அப்போதுதான் செயின்சாவைக் கையில் எடுத்தார்கள். புயல் போனது, மிஷின் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. இன்று தோப்புக்காரர், சவுக்கு வெட்டு மேஸ்திரி, வாசல் வேப்பமரத்தின் கிளையைக் கழிப்பவர் என்று எல்லார் கையிலும் இருக்கிறது. பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று கேட்காதவர் இல்லை. கைக்கு என்ன போடுவது என்று கேட்டால்தான் கடைக்காரர் ஒன்று சொல்கிறார், மேஸ்திரி இன்னொன்று சொல்கிறார்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். போடணுமா, வேண்டாமா?

போடுங்கள். கைக்குச் சிக்கென்று பொருந்துகிற தோல் கையுறை. ஆனால் ஓடுகிற செயினை அது தடுக்கும் என்று நினைத்துப் போடாதீர்கள். பிடி நழுவாமல் இருக்க, முள்ளும் சிலாம்பும் ஏறாமல் இருக்க, சைலன்சர் சூடு படாமல் இருக்க, நின்றிருக்கிற செயினைத் தொடும்போது விரல் கிழியாமல் இருக்க என்று போட்டுக்கொள்ளுங்கள். ஓடுகிற செயினிடமிருந்து கையைக் காப்பது இரண்டு கையும் இரண்டு பிடியில் இருப்பதுதான்.

லேத்திலும் டிரில்லிங் மிஷினிலும் கையுறை போடக் கூடாது என்று ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுத்தார்கள். இதுவும் சுற்றுகிற மிஷின்தானே?

நியாயமான சந்தேகம். இந்தக் குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

லேத், டிரில்லிங், பெஞ்ச் கிரைண்டர், மரப்பட்டறையின் வட்ட ரம்பம் எல்லாவற்றிலும் மிஷின் ஓரிடத்தில் நிற்கும், நாம்தான் பொருளைக் கையால் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கை எப்போதும் சுற்றுகிற பாகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கையுறையின் நுனி சிக்கினால் துணியோடு சேர்த்துக் கையையும் இழுத்துவிடும். அதனால் அங்கே போடக் கூடாது என்பது சரி.

செயின்சாவில் நாம் பிடித்திருப்பது மிஷினைத்தான். இடது கை முன்பிடியில், வலது கை பின்பிடியில். இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும்வரை எந்த விரலும் செயின் பக்கம் போக வழியில்லை. எனவே சிக்கி இழுக்கும் ஆபத்து இங்கே ரொம்பக் குறைவு, பிடி நழுவும் ஆபத்துதான் பெரிது. ஆனால் ஒரு கையை எடுத்துக் கிளையைப் பிடித்தீர்களோ, கணக்கு மாறிவிடும். அப்போது இதுவும் லேத் மாதிரிதான். மினி செயின்சா பற்றிய கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

எங்கள் மேஸ்திரி வருஷக்கணக்காக வெறுங்கையால்தான் அறுக்கிறார். கையுறை போட்டால் மிஷின் பேசுவது கைக்குத் தெரியாது என்கிறார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. செயின் மழுங்கினால், பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) கிளைக்குள் மாட்டிக்கொள்ளப் போனால், அந்த மாற்றம் முதலில் கைக்குத்தான் தெரியும். தடித்த கையுறை அதை மறைக்கும். ஆனால் அவர் இதுவரை போட்டுப் பார்த்தது எது என்று கேளுங்கள். அநேகமாக வெல்டிங் கையுறை, இல்லையென்றால் சிமெண்ட் வேலைக்குப் போடும் வெள்ளைப் பனியன் கையுறை. அந்த இரண்டுக்கும் அவர் சொல்லும் குறை முழுக்கப் பொருந்தும். மெல்லிய ஆட்டுத்தோல் கையுறையைக் கொடுத்துப் பார்த்தால் பேச்சு மாறக்கூடும்.

வெறுங்கைக்காரர்களின் உள்ளங்கை காய்த்துப்போய் தானே ஒரு கையுறை மாதிரி ஆகியிருக்கும், அதுவும் உண்மை. நேற்று மிஷின் வாங்கியவருக்கு அந்தக் கை இல்லை.

சரி, எந்தக் கையுறை வாங்குவது?

எது வேண்டாம் என்பதிலிருந்து தொடங்கலாம்.

பின்னல் பனியன் கையுறை வேண்டாம். நூல் பிரிந்து தொங்கும், சுள்ளியில் மாட்டும், ஆயில் பட்டால் வழுக்கும், முள்ளுக்குக் காற்று மாதிரி வழிவிடும். உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்தது பிடிக்குக் கொஞ்சம் தேவலை, நூல் தொல்லை அப்படியேதான் இருக்கும்.

வெல்டிங் கையுறை வேண்டாம். காரணத்தை மிஷினைக் கையில் வைத்துப் பார்த்தால் புரியும். பின்பிடியின் மேற்பக்கம் ஒரு பூட்டு நெம்பு இருக்கிறது. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் ஆக்சிலேட்டர் விசை நகரும். விசையைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் இடம். வெல்டிங் கையுறையின் பருத்த விரல் அதற்குள் போனால் திரும்பி வரும்போது விசையையும் அழுத்திக்கொண்டே வரும். விட்டுவிட்டோம் என்று நாம் நினைப்போம், செயின் ஓடிக்கொண்டிருக்கும். முன்பிடியிலும் இதே கதைதான். கட்டைவிரல் பிடிக்கு அடியில் சுற்றி வந்து மற்ற விரல்களைச் சந்திக்க வேண்டும். கையுறை தடித்தால் கட்டைவிரல் சுற்றாமல் மேலேயே படுத்துக்கொள்ளும். மிஷின் உதறும்போது அந்தக் கை கழன்றுவிடும்.

மெல்லிய மெடிக்கல் கையுறையும் வேண்டாம். வியர்வையைத் தேக்குவதற்கு மட்டும்தான் அது உதவும்.

வேண்டியது இது: உள்ளங்கையும் விரல்களும் ஆட்டுத்தோல் அல்லது மெல்லிய மாட்டுத்தோல், புறங்கை காற்றோட்டமான துணி, மணிக்கட்டில் வெல்க்ரோ அல்லது இறுக்கமான பட்டை. மணிக்கட்டில் அகலமாகத் திறந்த கையுறைக்குள் மரத்தூள் கொட்டும், சுள்ளி நுழையும். தையல் விரல் நுனியில் உள்பக்கம் உறுத்தாமல் இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். அளவுக்கு, கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். 8 அங்குலம் வந்தால் 8-ஆம் எண், 9 வந்தால் 9. நம்மூரில் ஒரே அளவில் எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறார்கள், அது பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். போட்ட பிறகு விரல் நுனியில் துணி மடிந்து தொங்கினால் அது உங்கள் கையுறை இல்லை.

கடைசியாக ஒரு சோதனை. கையுறையோடு, அணைத்துவைத்த மிஷினைப் பிடித்து விசையை அழுத்தி விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் திரும்பினால் வாங்கலாம்.

ஆன்லைனில் ‘கட் லெவல் 5’ என்று போட்ட கையுறை கிடைக்கிறது. கத்தியால் கீறிக் காட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. அது செயினைத் தாங்குமா?

தாங்காது. அந்த எண் கத்திக்கான எண். ஐரோப்பாவின் இ.என். 388 என்ற தர அளவில், லேசான அழுத்தத்தோடு சின்ன வட்டக் கத்தியைத் துணியின் மேல் முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண் அது. கண்ணாடி, தகரம், மீன் வெட்டும் வேலைக்கு அருமையான கையுறை.

செயின் கத்தி இல்லை. முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 72 கிலோமீட்டர். ஒவ்வொரு பல்லும் உளி மாதிரி ஒரு சிராயைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. மரத்தில் அது போடுகிற வழியின் அகலத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட முக்கால் சென்டிமீட்டர். கையிலும் அதே அகலத்துக்குச் சதையையும் எலும்பையும் எடுத்துவிடும். அரிவாள் வெட்டு சேரும், செயின் வெட்டு சேர்வது கஷ்டம் என்று சர்ஜன்கள் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் செயின்சா படம் போட்ட கையுறைகள்? அவையும் ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. ஆனால் அவை செய்வது என்னவென்று தெரிந்து வாங்க வேண்டும்.

செயின்சா பாதுகாப்பு உடைகளுக்கென்றே தனித் தர அளவு உண்டு. முன்பு இ.என். 381, இப்போது ஐ.எஸ்.ஓ. 11393. அதில் 0, 1, 2, 3 என்று வகுப்புகள். முறையே நொடிக்கு 16, 20, 24, 28 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்தவை. தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே நீளமான, தளர்வான செயற்கை இழைகளை அடுக்கியிருப்பார்கள். செயின் மேல்துணியைக் கிழித்ததும் அந்த இழைகளைக் கொத்தாக உருவி இழுத்துக்கொண்டு போய், உள்ளே இருக்கும் ஸ்பிராக்கெட் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். சக்கரம் இறுகி, செயின் நின்றுவிடும். வெட்டை எதிர்த்து நிற்பதில்லை, மிஷினுக்குத் தொண்டையடைப்பு உண்டாக்குகிறது.

இந்த இழை அடுக்கு கையுறையில் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் இடது கையின் புறங்கையில் மட்டும். சிலவற்றில் விரல்களின் வெளிப்பக்கத்துக்கும் நீளும். உள்ளங்கையில் இருக்காது, அங்கே வைத்தால் மிஷினைப் பிடிக்கவே முடியாது. வலது கையில் பல கையுறைகளில் ஒன்றுமே இருக்காது. ஜோடியாக இருந்தாலும் இடம் வலம் வேறு என்பது தெரியாமல், இடது கிழிந்ததும் பழைய ஜோடியிலிருந்து வேறெதையோ எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

இன்னொன்று. இழை சிக்கி நிற்கும் அந்தத் தந்திரம் பெட்ரோல் மிஷினை மனதில் வைத்து உருவானது. கரண்ட், பேட்டரி மோட்டார்கள் குறைந்த வேகத்திலும் முழு இழுவை கொடுக்கும், இழைகளையும் அறுத்துக்கொண்டு போகலாம். அதில் இந்தக் கையுறையை அதே அளவு நம்ப வேண்டாம்.

அது ஏன் இடது கைக்கு மட்டும்?

மிஷின் உதைக்கும்போது முன்னே இருப்பது இடது கை என்பதால்.

பாரின் மூக்கில் மேல்பாதி ஏதாவது கிளையிலோ கட்டையிலோ இடித்தால், செயினின் வேகம் முழுதும் பாரைப் பின்பக்கமாகத் தூக்கி எறியும். முகத்தை நோக்கி, இடது தோளை நோக்கி வரும். சுமார் பத்தில் ஒரு நொடியில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் 2 மீட்டர் செயின் ஓடியிருக்கும், நாம் கண் இமைத்திருக்கக்கூட மாட்டோம். இடது கை முன்பிடியில் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால், மிஷின் எழும்பும்போது மணிக்கட்டு முன்னால் இருக்கும் கைக்காப்பைத் தள்ளும், பிரேக் விழும். கைக்காப்பைத் தட்டி பிரேக் போட்டு, எடுத்து, மறுபடி தட்டிப் பார்ப்பதைத் தினமும் முதல் வேலையாகச் செய்யுங்கள். பிடி தளர்வாக இருந்தால் கை காப்புக்கு மேலே வழுக்கிச் செயின் பக்கம் விழும். புறங்கை முன்னால் வருவது அப்போதுதான்.

வலது கைக்கும் காப்பு உண்டு, மிஷினிலேயே. பின்பிடியின் அடிப்பக்கம் அகலமாக, தட்டையாக வைத்திருப்பதைப் பாருங்கள். செயின் அறுந்தால் பின்னோக்கிச் சாட்டை மாதிரி வீசும், அந்தத் தட்டுதான் விரல்களில் படாமல் வாங்கிக்கொள்ளும். சில பேர் இடைஞ்சல் என்று அதை ரம்பத்தால் அறுத்தே எடுத்துவிடுகிறார்கள். கைக்காப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மிஷினுக்கு எந்தக் கையுறையும் பரிகாரம் ஆகாது.

நான் இடது கைப் பழக்கம். மாற்றிப் பிடிக்கலாமா?

கூடாது. செயின், பிரேக், சைலன்சர் எல்லாம் இடது கை முன்னே, வலது கை பின்னே என்ற கணக்கில் அமைந்தவை. மாற்றிப் பிடித்தால் பார் நேராக உங்கள் உடம்புக்கு எதிரே வந்துவிடும். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

கிளை கழிக்க ஒற்றைக் கையில் பிடிக்கிற மினி பேட்டரி செயின்சா வாங்கினேன். சின்னதுதானே, இதற்கும் கையுறை வேண்டுமா?

இந்தச் சின்ன மிஷின்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. 4 அங்குலம், 6 அங்குலம் பாரோடு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. விளம்பரத்திலேயே ஒரு கையில் மிஷின், மறு கையில் கிளை என்று காட்டுகிறார்கள். பல மலிவு மாடல்களில் செயின் பிரேக் கிடையாது. கிளை அறுந்து முடிகிற கணத்தில் மிஷினை அழுத்திய கை அப்படியே முன்னே போகும். அங்கே என்ன இருக்கிறது? கிளையைப் பிடித்திருந்த உங்கள் இடது கை.

பெரிய மிஷினுக்குக் கையுறையை விட இரண்டு கைப் பிடி முக்கியம் என்று சொன்னேன். இதில் இரண்டாவது கைக்கு வேலையே இல்லை, அதனால் அது சும்மா இருக்காமல் செயின் பக்கம் போகிறது. செயின் வேகம் பெரிய மிஷினை விடக் குறைவு. ஆனால் நூல் கையுறை போட்டிருந்தால் சட்டென்று அறுத்துவிட்டுப் போகாமல் நூலைப் பிடித்துக் கையை உள்ளே இழுக்கவும் செய்யும். லேத்துக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கே அப்படியே செல்லும். இதற்குப் போடுவதென்றால் கட்டாயம் தோல் கையுறைதான்.

அதை விட முக்கியமானது அந்த இடது கையை எங்கே வைப்பது என்பது. கிளையைப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் கயிற்றால் கட்டி, தள்ளி நின்று ஒருவர் இழுத்துப் பிடிக்கட்டும். அறுத்துப் போட்ட கிளையைத் துண்டு போடுவதென்றால் தரையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்துக் காலால் அழுத்தாமல் முளை அடித்து நிறுத்துங்கள். பிடியிலேயே இரண்டு கைக்கும் இடம் இருக்கிற மாடல் கிடைத்தால் அதை வாங்குங்கள். விரல் கனச் சுள்ளிக்கு கவாத்துக் கத்தரி போதும், அது மிஷினை விட வேகமாகவே வேலை முடிக்கும். பேட்டரி மாட்டியபடி செயினைத் தொடவே கூடாது, சுத்தம் செய்யும்போதும்தான்.

கருவேல முள் கையுறையைத் துளைத்துக்கொண்டு ஏறுகிறது. என்ன செய்வது?

சீமைக்கருவேலத்துக்கு மெல்லிய ஆட்டுத்தோல் போதாது. இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் பிடிக்க மெல்லியது, அறுத்ததை இழுத்துப் போட முழங்கை வரை வருகிற தடித்த தோல். ஒரே ஆள் இரண்டையும் செய்யாமல், ஒருவர் அறுக்க ஒருவர் இழுக்க என்று பிரித்துக்கொண்டால் மாற்றி மாற்றிப் போடுகிற தொல்லை இல்லை. இழுக்கிறவர் மிஷினை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கட்டும்.

ஏறிய முள் உள்ளே ஒடிந்திருந்தால் ஊசி வைத்துத் தோண்டாதீர்கள். மூட்டுக்குப் பக்கத்தில் ஒடிந்த முள் பல நாள் கழித்து வீங்கும், டாக்டரிடம் போவதே நல்லது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டி.டி. போட்டுக்கொள்ளுங்கள்.

தென்னை, பனை, முந்திரி, கள்ளி என்று மரத்துக்கு மரம் வித்தியாசம் உண்டா?

உண்டு. தென்னையில் மிஷினுக்குத்தான் கஷ்டம். புறக்கட்டை இரும்பு மாதிரி, உள்ளே பஞ்சு, செயின் சீக்கிரம் மழுங்கும், நார் கிளட்ச் மூடிக்குள் அடைக்கும். அந்த நாரை எடுக்க அடிக்கடி கை உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் மிஷினை அணைத்துவிட்டு, கையுறையோடு எடுங்கள். பனஞ்சிலாம்பு பொல்லாதது, கருப்பாக ஊசி மாதிரி தோலுக்குள் ஓடிவிடும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், எனவே அனுமதி இல்லாமல் பனையில் மிஷின் வைக்க வேண்டாம்.

முந்திரியில் கொட்டைத் தோலின் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். காய்ப்புக் காலத்தில் அறுத்தால் கையுறை உதவும். வேலியில் திருகுகள்ளி இருந்தால் இன்னும் கவனம். செயின் அதன் பாலைத் தெளிக்கும். கையுறையில் படிந்த பாலோடு நெற்றி வியர்வையைத் துடைத்தீர்கள் என்றால் கண்ணுக்குள் போகும், கண் வெந்துவிடும். பட்டுவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் பத்துப் பதினைந்து நிமிஷமாவது கழுவிவிட்டு, கண் டாக்டரிடம் ஓடுங்கள். துடைக்க ஒரு துண்டைத் தனியாகத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க அறுத்தால் விரல் மரத்துப் போகிறது. அதிர்வு தாங்கும் கையுறை போட்டால் சரியாகுமா?

பெரிதாக உதவாது. இந்த நோய் புதிதில்லை. 1911-இல் இத்தாலியில் ஜொவான்னி லோரிகா, காற்றழுத்த உளி பிடிக்கும் கல் தொழிலாளர்களின் விரல் வெளுத்துப் போவதை எழுதினார். 1918-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் பெட்ஃபோர்ட் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் அதையே ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். செயின்சா பரவியதும் மரம் வெட்டுகிறவர்களுக்கும் வந்தது. 1960-களிலிருந்து கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் தாங்கிகளும் ஸ்பிரிங்குகளும் வைக்கத் தொடங்கிய பிறகுதான் குறைந்தது.

குளிரில் விரல் நுனி வெள்ளையாகி, உணர்வு போய், சூடேறும்போது சிவந்து வலிக்கும். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை பக்கம் காலை வேளையில் சில்வர் ஓக்கும் யூகலிப்டஸும் அறுப்பவர்களுக்கு இது சீக்கிரம் தெரியும். முற்றிவிட்டால் சட்டைப் பொத்தான் போடவே கஷ்டப்படுவார்கள், அது திரும்பாது.

அதிர்வுக் கையுறைகள் மிக வேகமான அதிர்வைத்தான் ஓரளவு குறைக்கும். கையைக் கெடுக்கிற மெதுவான அதிர்வுகளில் அவற்றால் பலன் சொற்பம். பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்புத் துறையும் அவற்றை நம்பிக் கணக்குப் போடாதே என்றுதான் சொல்கிறது. மேலும் அவை தடிப்பானவை, இறுக்கிப் பிடிக்க வைக்கும். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் அதிகம் ஏறும்.

உதவுவது நேரக் கணக்கு. ஐரோப்பிய விதிப்படி 8 மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு சராசரி 2.5 அலகு (மீட்டர்/நொடி²) வந்தாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. மிஷின் கையேட்டில் பிடியின் அதிர்வு எவ்வளவு என்று போட்டிருக்கும். அது 5 என்றால், விசையை அழுத்தி அறுத்த நேரம் மட்டும் 2 மணி ஆனதுமே அந்த 2.5 வந்துவிடும். 10 என்றால் அரை மணியில். அதிர்வு இரட்டித்தால் நேரம் கால்வாசி ஆகிறது. மழுங்கிய செயினும் நைந்துபோன ரப்பர் தாங்கியும் இந்த எண்ணைக் கையேட்டில் இருப்பதை விட ஏற்றிவிடும். சாதாரணக் கையுறை இங்கே செய்வது ஒன்றுதான், கையைச் சூடாக வைத்திருக்கும். மலைப்பகுதியில் அதுவே பெரிய உபகாரம்.

செயினுக்கு அரம் போடும்போது போடணுமா?

அறுக்கும்போது போடாவிட்டாலும் இதற்குப் போடுங்கள் என்பேன். அரத்தை ஒரே பக்கமாகத் தள்ளித் தேய்க்கிறோம், பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம். ஒரு தள்ளில் அரம் நழுவினால், தள்ளிய வேகத்தில் முட்டி முழுதும் பக்கத்துப் பற்களின் மேல் உரசிப் போகும். செயின்சாக்காரர்கள் கையில் இருக்கும் வடுக்களில் பாதி மிஷின் ஓடாமல் நின்றபோது வந்தவையாகத்தான் இருக்கும். இந்த வேலைக்கு அந்த ‘கட் லெவல்’ கையுறை நன்றாகவே பொருந்தும், வாங்கியது வீணில்லை. அரத்துக்குப் பிடி போட்டிருக்க வேண்டும். வெறும் வாலை உள்ளங்கையில் வைத்துத் தள்ளினால் குத்தும்.

செயினைக் கழற்ற, மாட்ட, இறுக்கவும் கையுறைதான். அறுத்து முடித்த உடனே பாரைத் தொடாதீர்கள், நன்றாகச் சுட்டிருக்கும். சூட்டில் இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள், ஆறும்போது அது சுருங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும்.

பெட்ரோல் ஊற்றும்போது?

தோல் கையுறையைக் கழற்றிவிடுங்கள். தோலில் பெட்ரோல் ஊறினால் சீக்கிரம் காயாது. அதே கையோடு சைலன்சர் பக்கம் போனாலோ பீடி பற்றவைத்தாலோ கை தீப்பிடிக்கும். ஊற்றுவதற்கு ஒரு நைட்ரைல் ரப்பர் கையுறை தனியாக வைத்துக்கொள்ளலாம். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல் சில அடி தள்ளிப் போய்ச் செய்யுங்கள்.

சித்திரை வெயிலில் கையுறைக்குள் வியர்வை ஊறி வழுக்குகிறது.

நனைந்த கையுறை, வெறுங்கையை விட மோசம். இரண்டு மூன்று ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், கழற்றியதை நிழலில் விரித்துக் காயவிடுங்கள். வெயிலில் காய்ந்த தோல் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். காலை பத்துக்குள் அறுப்பை முடித்துவிட்டு மீதி நேரத்தில் அடுக்குவது, கட்டுவது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சனை போகும். மழையில் அறுப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தள்ளிப்போடுங்கள்.

சாய்ந்த மரத்தின் மேல் கரண்ட் கம்பி கிடக்கிறது. கையுறை போட்டிருக்கிறேனே?

கிட்டே போகாதீர்கள். தோல் கையுறை மின்சாரத்தைத் தடுக்காது, ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மின்வாரியத்தார் வந்து லைனை நிறுத்தி, ‘ஆச்சு, அறுக்கலாம்’ என்று நேரில் சொல்லும்வரை அந்த மரம் அப்படியே கிடக்கட்டும்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

கையுறை பட்டியலில் முதலில் வராது. செயின்சா வெட்டு அதிகம் விழுவது காலில், குறிப்பாக இடது தொடையிலும் முழங்காலிலும். ஆனாலும் என் வரிசையில் கண்ணாடியும் காதடைப்பும் முதலில் (இரண்டும் மலிவு, மிஷின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல்), அப்புறம் செருப்பை விட்டுவிட்டு நல்ல பூட்ஸ், அப்புறம் காலுக்கு முன்பக்கம் கட்டுகிற செயின்சா காப்பு, தலைக்கவசம். இந்த வரிசையில் சாதாரணத் தோல் கையுறை எங்கே வேண்டுமானாலும் நுழைந்துவிடும், விலை அவ்வளவுதான். செயின்சா படம் போட்ட விலை கூடிய கையுறைக்குப் பணம் ஒதுக்குவது, கால் காப்பு வாங்கிய பிறகு போதும். தொழிலாகவே செய்கிறவர் என்றால் கூலி பேசும்போதே தோப்புக்காரரிடம் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மீறி வெட்டு விழுந்துவிட்டால்?

மிஷினை அணையுங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்துப் பலமாக அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். கையுறை காயத்தோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே அழுத்திக் கட்டுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும். 108-ஐ அழையுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிட, குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள்.

விரல் துண்டாகியிருந்தால் முதலில் கழன்ற கையுறைக்குள் பாருங்கள், அங்கேயே இருக்கும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ்கட்டி நேராக விரலில் படக் கூடாது, சதை உறைந்து கெட்டுவிடும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையும் விரல் ஒட்டுவதில் பேர்போனது. எங்கே போவதென்றாலும், வழியில் பக்கத்து அரசு மருத்துவமனையில் ரத்தத்தை நிறுத்திவிட்டு, அவர்களையே போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கையுறையை எப்போது மாற்றுவது?

உள்ளங்கைத் தோல் பளபளவென்று வழுக்க ஆரம்பித்தால், விரல் நுனித் தையல் விட்டால், பெட்ரோல் ஊறினால். செயின்சா காப்புக் கையுறையில் செயின் ஒரே ஒரு முறை பட்டு, மேல்துணி கொஞ்சம் கிழிந்து இழை வெளியே தெரிந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. தைத்துப் போட முடியாது, தையல் போட்ட இடத்தில் இழைகள் உருவி வராது. அந்த ஜோடியைக் குப்பை அள்ள வைத்துக்கொள்ளுங்கள்.